தோட்டத்து மரணப் பதிவுகளைத் தேடிப் பெற வழி செய்யக் கோரும் மனு

பதிவாளர் நாயகம் அவர்கள்,
பதிவாளர் நாயகம் திணைக்களம்,
பத்தரமுல்லை.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மணி,

நுவரெலியா மாவட்டத் தோட்டமொன்றின் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், வசிக்கிறேன். தாத்தாவின் மரணச் சான்றிதழ்ப் பிரதிக்காக இந்த வருடம் நான்கு தடவை ஒரு கந்தோருக்கு நடந்துவிட்டேன். நான்கு தடவையும் ஒரே கேள்வி: "பதிவு இலக்கம் என்ன?" 1951ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி, தோட்டத்தில் நேரும் மரணத்தை அறிவிக்க வேண்டியவர் துரை, அதாவது தோட்ட அதிகாரி. எங்கள் வீட்டுக்கு அந்த இலக்கம் வந்து சேரவே இல்லை.

இலக்கம் இல்லையென்றால் பதிவேட்டைத் தேட விண்ணப்பிக்கலாம். சரி, ஆனால் ஒரு விண்ணப்பத்துக்கு இரண்டு வருடம்தான் தேடுவார்கள். தாத்தா எப்போது செத்தார் என்று கேட்டால் அப்பாயி (அப்பாவின் அம்மா), "பத்தாம் நம்பர் மலை கவ்வாத்து வெட்டின வருசம்" என்கிறார்; அந்த மலையின் தேயிலைச் செடிகளைக் கத்தரித்த வருடம் என்று அர்த்தம். அதை வைத்து எந்த இரண்டு வருடத்துக்குப் பணம் கட்டுவது? போகும் ஒவ்வொரு நாளும் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், வேறு போய்விடுகிறது.

கடைசித் தடவை கிளாக்கர் மனமிரங்கி, பதிவுகளைப் பெயர் வைத்துத் தேடும் சுட்டிப் புத்தகத்தை எடுத்தார். தாளின் ஓரம் அப்பளம் போல் உதிர்ந்தது. ஒரே பக்கத்தில் ஐந்து முத்துசாமி. எந்த முத்துசாமி எந்தத் தோட்டம் என்று அதில் ஒரு சொல் கிடையாது. தோட்டத்தின் வேலைப் பதிவேடான செக்ரோலில் கருப்பையா என்று இருப்பவர், சிங்களத்தில் எழுதும்போது கருப்பன் ஆவதும் எங்களுக்குப் புதிதல்ல.

மரணச் சான்றிதழில் இறந்தவரின் தாய் தந்தை பெயர், தொழில், இறந்த இடம் எல்லாம் இருக்கும். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு நிரந்தரமாக வசித்தவர்களுக்கும் அவர்களின் வழிவந்தவர்களுக்கும் பிரஜாவுரிமை தந்தது. தாத்தா இந்த மலையில்தான் வாழ்ந்து செத்தார் என்று காட்ட எங்களிடம் வேறு காகிதம் இல்லை.

ஆகவே, தோட்டத்தின் பெயரையும் அதன் டிவிஷனையும் (பிரிவையும்) சொன்னாலே தேடக்கூடிய சுட்டியைத் தயாரிக்கும்படியும், அது வரும்வரை தோட்டத்து மரணங்களுக்கு ஒரே விண்ணப்பத்தில் பத்து வருடங்களைத் தேட அனுமதிக்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன். பெயர் ஓரெழுத்து மாறினாலே "பதிவு இல்லை" என்று திருப்பி அனுப்பாமல், தாய் தந்தை பெயரையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம், பிரதியைத் தமிழில் கேட்டால் மொழிபெயர்ப்பை வெளியில் செய்துவரச் சொல்கிறார்கள். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை அதை எங்கள் உரிமை என்கிறது.

அப்பாயிக்கு எண்பத்தாறு வயது. விரைவில் பதில் தந்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தோட்டக் குடியிருப்பாளர்

இணைப்பு: செக்ரோல் பக்கத்தின் பிரதி, அப்பாயியின் அடையாள அட்டைப் பிரதி, தேடுதல் கட்டணப் பற்றுச்சீட்டுகள் 2