'எ பேண்ட் கால்டு டெத்' தமிழ் சப்டைட்டில்: நன்றி மடல்

அனைவருக்கும் வணக்கம்.

'எ பேண்ட் கால்டு டெத்' ஆவணப்படத்தைத் தமிழ் சப்டைட்டிலோடு திரையிடக் கைகொடுத்த எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரைச் சேர்ந்த ஹாக்னி சகோதரர்கள் டேவிட், டானிஸ், பாபி மூவரும் 'டெத்' (மரணம்) என்ற ராக் இசைக்குழுவாக 1975இல் யுனைடெட் சவுண்ட் ஸ்டுடியோவில் ஏழு பாடல்களைப் பதிவு செய்தார்கள். வேகமும் முரட்டுத்தனமும் கொண்ட ராக் இசைக்குப் பங்க் என்ற பெயரே பரவலாகாத காலம் அது. குழுவின் பெயரை மாற்றச் சொன்னார் இசைத்தட்டு நிறுவனத் தலைவர் கிளைவ் டேவிஸ். டேவிட் மறுத்துவிட்டார். 1976இல் சொந்தச் செலவில் 500 இசைத்தட்டுகள் போட்டதோடு சரி. ஒருநாள் உலகம் தேடி வரும், பதிவு செய்த டேப்புகளைப் பத்திரமாக வைத்திரு என்று தம்பி பாபியிடம் ஒப்படைத்தார். 2000இல் டேவிட் காலமானார். ஆல்பம் வெளிவந்தது 2009இல். டேப்புகளைக் காத்த அந்தக் குடும்பத்துக்கும், 2012இல் படமாக்கிய மார்க் கோவினோ, ஜெஃப் ஹௌலெட் இருவருக்கும் முதல் நன்றி.

அடுத்து, வரிகள் திரையில் தோன்றும் நேரத்தைச் சரிபார்த்த தோழருக்கு. ஆங்கில சப்டைட்டில் கோப்பு நொடிக்கு 25 பிரேம் கணக்கில் இருந்தது, படமோ 23.976. முதல் காட்சியில் வித்தியாசமே தெரியாது. ஒரு மணி நேரம் ஓடியதும் வரிகள் இரண்டரை நிமிடம் முந்திவிடும். மொத்தமாகச் சில நொடி தள்ளிவைத்தால் இது தீராது. எல்லா நேரக்குறிகளையும் 1.0427ஆல் பெருக்க வேண்டும். அதைச் செய்து, அதற்குப் பிறகும் ஒவ்வொரு வரியையும் பேச்சோடு ஒத்துப்பார்த்தார்.

மொழிபெயர்த்த மூவருக்கும் தனி நன்றி. தமிழில் வினை கடைசியில் வரும். ஒரு வாக்கியத்தை இரண்டு சப்டைட்டிலாக உடைத்தால், பாபி சிரித்து முடித்த பிறகுதான் பார்ப்பவருக்கு விஷயம் புரியும். எனவே ஒவ்வொரு சப்டைட்டிலையும் தனி வினைமுற்றோடு முடித்தார்கள். இரண்டு வரிக்கு மேல் இல்லை. எந்த சப்டைட்டிலும் திரையில் ஒரு நொடிக்குக் குறைவாக நிற்கவில்லை, ஏழு நொடியைத் தாண்டவில்லை. சகோதரர்கள் ஒருவர் பேச்சில் ஒருவர் புகும் இடங்களில் இந்தக் கணக்கைக் காப்பாற்றியது பெரிய வேலை.

எழுத்துரு பார்த்த தம்பி இல்லையென்றால் திரையில் பெயர்களே சிதைந்திருக்கும். டெத், டேவிட், டெட்ராய்ட் என்று இந்தப் படத்தின் முக்கியப் பெயர்கள் கொம்போடுதான் தொடங்குகின்றன. எழுத்தைக் கோக்கும் ஹார்ஃப்பஸ் வசதி இல்லாத மென்பொருளில் வரிகளைப் படத்தோடு பதித்தால் கொம்பு 'ட'வுக்குப் பின்னால் போய் நிற்கும். அந்த வசதியுள்ள பதிப்பை நிறுவி, நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவையும் சேர்த்து, யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் கோப்பைச் சேமித்துக் கொடுத்தார்.

சமதள அரங்கில் முன்வரிசைத் தலைகள் கீழ்வரியை மறைக்கும். திரையை உயர்த்திக் கட்டிய அண்ணன்மாருக்கு நன்றி. ஒலி பார்த்தவர் பாட்டை வைத்து அளவு குறிக்காமல், மெதுவாகப் பேசும் பேட்டியை வைத்துக் குறித்தார். பேச்சும் தெளிவாகக் கேட்டது, கிட்டார் வந்தபோது அரங்கமும் அதிர்ந்தது!

வேறு ஊரில் திரையிட விரும்புவோர் முதலில் படத்தின் உரிமையாளரிடம் எழுத்துபூர்வ அனுமதி வாங்குங்கள். அது வந்ததும் தமிழ்க் கோப்பை அப்படியே தருகிறோம். உங்கள் படப்பிரதி நொடிக்கு எத்தனை பிரேம் என்பதை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள்.