கிராபிக்ஸ் கார்டு பட்டியலுக்குக் கீழே நாலு வரி சேருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் இரண்டு வாரத்துக்கு முன் வந்த கிராபிக்ஸ் கார்டு (கம்ப்யூட்டரில் படத்தை வரைந்து திரைக்கு அனுப்பும் பாகம்) தரவரிசைப் பட்டியலைப் பற்றி இந்தக் கடிதம். நான் காரைக்குடியில் 17 ஆண்டுகளாகக் கம்ப்யூட்டர் விற்பனையும் சர்வீஸும் செய்துவருகிறேன். போன செவ்வாய்க்கிழமை ஒரு தகப்பனாரும் மகளும் அந்தப் பட்டியலைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார்கள். அந்தப் பெண்ணுக்குக் கட்டடக்கலைப் படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. பட்டியலில் ‘ஆர்டிஎக்ஸ் 4070’ என்ற வரிக்குக் கீழே பேனாவால் கோடு போட்டிருந்தார்கள். “இது இருக்கிற லேப்டாப்பா பார்த்துக் குடுங்க அண்ணே” என்றார் தகப்பனார்.

பட்டியலில் இருந்தது டெஸ்க்டாப்பில் பொருத்துகிற 4070. அதில் 5,888 கோர் (கணக்குப் போடும் சிறு அலகு), 12 ஜிபி மெமரி. லேப்டாப்பில் அதே பெயரோடு வருவது வேறு சிப். அதில் 4,608 கோரும் 8 ஜிபி மெமரியும்தான். அது போதாதென்று, லேப்டாப் செய்கிறவர்கள் அந்தச் சிப்புக்கு 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எவ்வளவு மின்சாரம் கொடுப்பது என்பதைத் தாங்களே முடிவு செய்கிறார்கள். மெலிசான லேப்டாப் என்றால் சூட்டுக்குப் பயந்து குறைத்துத்தான் வைப்பார்கள். குறைந்த வாட் லேப்டாப்பையும் முழு வாட் லேப்டாப்பையும் பக்கத்தில் வைத்து ஒரே சோதனையை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். இரண்டிலும் ஒரே பெயர், மதிப்பெண் மட்டும் ஒட்டவே இல்லை. முழு வாட் கொடுத்தாலும் டெஸ்க்டாப் 4070-ஐ அது எட்டாது.

இதையெல்லாம் சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. “பேப்பர்லயே போட்டிருக்கே” என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். அவர்மேல் தப்பே இல்லை. அச்சில் வந்ததை நம்பி ஒரு லட்சத்துக்கு மேல் செலவழிக்கத் துணிந்து வந்தவர் அவர்.

ஒவ்வொரு கார்டுக்கும் நேராக ஓர் எண் போட்டிருந்தீர்கள். எந்தச் சோதனையில் வந்த எண், எப்படிக் கணக்கிட்டது என்று எங்கும் இல்லை. கார்டின் வேகத்தை அளக்கும் 3டிமார்க் மென்பொருளின் ‘டைம் ஸ்பை’ சோதனையையே எடுத்துக்கொள்வோம். 2016-இல் வந்தது, இன்றும் பலர் இதைத்தான் ஓட்டுகிறார்கள். இரண்டு காட்சிகளை ஓடவிட்டு, ஒவ்வொன்றிலும் நொடிக்கு எத்தனை பிரேம் (தனிப் படம்) வருகிறது என்று பார்த்து, இரண்டின் சராசரியை 164-ஆல் பெருக்கினால் கிராபிக்ஸ் மதிப்பெண். ஆனால் அது கூட்டி இரண்டால் வகுக்கும் சராசரி இல்லை. 120 கிலோமீட்டர் தள்ளி உள்ள ஊருக்கு மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போய், 40 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால் போக 2 மணி நேரம், வர 3 மணி நேரம். சராசரி வேகம் 50 இல்லை, 48. பள்ளிக்கூடத்தில் இசைச் சராசரி என்று படித்தோமே, அதுதான். ஒரு காட்சியில் 60 பிரேமும் இன்னொன்றில் 40 பிரேமும் வந்தால் 48-ஐ 164-ஆல் பெருக்கி 7,872 என்று போடுவார்கள். சாதாரண சராசரி என்றால் 8,200 வந்திருக்கும். ஒன்றில் பாய்ந்து இன்னொன்றில் திணறுகிற கார்டு மேலே ஏறிவிடாமல் இந்தக் கணக்கு பார்த்துக்கொள்கிறது. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

இதே டைம் ஸ்பையில் மொத்த மதிப்பெண் என்று தனியாக ஒன்றும் உண்டு. அதில் கிராபிக்ஸுக்கு 85 சதவீதமும் பிராசசருக்கு 15 சதவீதமும் எடை. ஒரே கார்டைப் பழைய பிராசசரோடு மாட்டினால் மொத்தம் இறங்கிவிடும். ஒரு கார்டுக்குக் கிராபிக்ஸ் மதிப்பெண்ணையும் அடுத்த கார்டுக்கு மொத்த மதிப்பெண்ணையும் போட்டால் அந்தத் தரவரிசைக்கு அர்த்தமே இல்லை.

அப்புறம், எந்த வேலைக்கு என்பதும் முக்கியம். கேம்களில், ஒளிக்கதிர் கணக்கு (வெளிச்சமும் நிழலும் விழுவதைக் கணக்கிடும் ‘ரே டிரேசிங்’) சேராதபோது, ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 7900 எக்ஸ்டிஎக்ஸும் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4080-உம் ஏறக்குறைய சமம். அதே இரண்டையும் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ரெண்டர் செய்யவிட்டால் (காட்சியை முழுப் படமாக்கவிட்டால்) 4080 வெகுதூரம் முன்னே போய்விடும். அந்தப் பெண்ணுக்குத் தேவைப்படப் போவது கேம் இல்லை. வீட்டு வரைபடத்தை முப்பரிமாணத்தில் எழுப்பி ரெண்டர் செய்வதுதான் வேலை. காட்சி பெரிதாகி லேப்டாப் 4070-இன் 8 ஜிபி மெமரிக்குள் அடங்காமல் போனால் பட்டியலில் எத்தனையாவது இடம் என்பது உதவாது.

நிறுவனம் தருகிற எண்ணையும் அப்படியே போடாதீர்கள். 2001-இல் ஏடிஐ நிறுவனத்தின் ரேடியான் 8500 கார்டுக்கு வந்த டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்), ஓடுவது ‘குவேக் 3’ என்ற கேம் என்று பெயரைப் பார்த்தே கண்டுபிடித்துப் படத்தின் தரத்தைக் குறைத்து வேகத்தைக் கூட்டியது. அந்தக் கேம் ஃபைலின் பெயரைக் ‘குவாக்’ என்று மாற்றியதும் படம் தெளிந்தது, வேகம் விழுந்தது. அன்று குவேக் 3-தான் எல்லோரும் கார்டுகளை ஒப்பிட ஓட்டிய கேம்.

எனவே அடுத்த முறை பட்டியல் போடும்போது, சோதனையின் பெயர், திரையின் ரெசல்யூஷன், டெஸ்க்டாப்பா லேப்டாப்பா (லேப்டாப் என்றால் எத்தனை வாட்), கூட இருந்த பிராசசர் ஆகிய நான்கையும் அடியில் சின்ன எழுத்திலாவது சேருங்கள். கார்டின் பெயருக்குப் பக்கத்தில் மெமரி அளவும் இருக்கட்டும். இடம் இல்லையென்றால் பத்துக் கார்டை ஆறாகக் குறைத்துக்கொள்ளலாம்.

அவர்கள் அன்றைக்கு எதுவும் வாங்கவில்லை. கல்லூரியில் எந்த மென்பொருள் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று சீனியர்களிடம் கேட்டுக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். கத்தரித்த பக்கத்தின் ஓரத்தில் ‘எத்தனை வாட்?’ என்று அந்தப் பெண் எழுதிக்கொண்டு போனார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
காரைக்குடி.