கோத்தார்டில் ஏன் இரண்டே தடம்?

பாசல்,
சுவிற்சர்லாந்து.
11.01.2026

அன்பின் அத்தானுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அக்காவின் முழங்கால் நோ குறைந்திருக்கும் என்று நம்புகிறோம். பிள்ளைகளின் படங்களை அடுத்த கிழமை வட்சப்பில் அனுப்புகிறேன். இந்தக் கடிதம் உங்கள் கேள்விக்கான பதில் மட்டும். போனில் சொல்லத் தொடங்கினால் முடியாது.

“மலையைக் குடையிறதில பேர்போன நாடு, ஏன் கோத்தார்ட் றோட்டுச் சுரங்கத்தில ரெண்டு லேனோட நிக்குது? பெருநாளுக்கு 15 கிலோமீற்றர் வாகனம் வரிசையில நிக்குதாமே” என்று கேட்டிருந்தீர்கள். கோத்தார்ட் என்பது நாட்டின் வடக்கையும் தெற்கையும் பிரிக்கிற அல்ப்ஸ் மலைக் கணவாய், அதன் கீழால் போவதுதான் அந்தச் சுரங்கம். லொறி வைத்திருப்பவர் கேட்க வேண்டிய கேள்விதான். காசு இல்லாமல் இல்லை, குடையத் தெரியாமலும் இல்லை. கூட்டக்கூடாது என்று சனம் வாக்குப் போட்டு எழுதி வைத்திருக்கிறது.

1994 பெப்ரவரி 20 ஆம் திகதி நடந்த வாக்கெடுப்பு அது. அல்ப்ஸ் மலைப்பகுதியில் ஊடறுத்துப் போகும் வீதிகளின் கொள்ளளவைக் கூட்டக்கூடாது என்பதை அரசியலமைப்பிலேயே சேர்த்தார்கள். இப்போது அது 84 ஆம் பிரிவு. ஜெர்மனியிலிருந்து இத்தாலிக்குப் போகும் லொறியின் சத்தமும் புகையும் சுரங்கத்தின் வடக்கு வாசல் இருக்கிற ஊரி மாநிலத்துப் பள்ளத்தாக்குச் சனத்துக்கு, இலாபம் வேறு யாருக்கோ. அந்தக் கோபத்தில் தொடங்கியது. ஏறக்குறைய 52 வீதம் ஆதரவு, மயிரிழைதான். ஆனால் வென்றது வென்றதுதான், முப்பது வருடமாகச் செல்லுபடியாகிறது.

கோத்தார்ட் வீதிச் சுரங்கம் 1980 செப்ரெம்பரில் திறந்தது. நீளம் 16.9 கிலோமீற்றர். ஒரே குழாய்க்குள் போகிறவனும் வருகிறவனும் நேருக்கு நேர், நடுவில் ஒரு கோடு மட்டும். 2001 ஒக்ரோபர் 24 அன்று உள்ளே இரண்டு லொறிகள் மோதின. ஒன்றில் ரயர் ஏற்றியிருந்தது. ரயர் எரிந்தால் எப்படிப் புகைக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 11 பேர் இறந்தார்கள். இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தது. பக்கத்தில் சமாந்தரமாக ஒரு தப்பும் சுரங்கமும் 250 மீற்றருக்கு ஒரு கதவும் இருந்ததால்தான் மிச்சப்பேர் தப்பினார்கள்.

அதற்குப் பிறகு வந்ததுதான் “துளி எண்ணும் முறை”. பேரே அதுதான், குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாய் விடுவதுபோல. ஒரு திசையில் ஒரு மணித்தியாலத்துக்கு 1,000 கார் அளவுதான் உள்ளே விடலாம். ஒரு லொறியை மூன்று காராக எண்ணுவார்கள். கார் கூடினால் லொறி குறையும், ஆனால் மணித்தியாலத்துக்கு 60 லொறிக்குக் கீழே இறக்கமாட்டார்கள், 150 க்கு மேலே ஏற்றமாட்டார்கள். உள்ளே லொறிக்கும் லொறிக்கும் 150 மீற்றர் இடைவெளி. வேகம் 80. முந்துவது என்ற பேச்சே இல்லை.

தெற்கே போகும் லொறி நேரே சுரங்க வாசலுக்குப் போக முடியாது. அடிவாரத்தில் ஏர்ஸ்ற்பெல்டில் உள்ள கனரக வாகன நிலையத்துக்குள் திருப்பி எடுப்பார்கள். நிறை, உயரம், அகலம் அளப்பது ஒரு பக்கம். பிறகு வெப்பம் பார்க்கும் வளைவு வாசல் ஒன்றுக்குள்ளால் மெதுவாக ஓட்டவேண்டும். எஞ்சின், ரேர்போ, பிறேக் ட்ரம், சில்லுப் பெயாரிங் எல்லாவற்றின் சூட்டையும் கமெரா தனித்தனியாகப் படிக்கும். ஒரு சில்லு மற்றச் சில்லுகளைவிடக் கூடச் சூடென்றால் பிறேக் பிடித்தபடி நிற்கிறது, அல்லது பெயாரிங் போகிறது. இரண்டுமே சுரங்கத்துக்குள் நெருப்புத்தான். ஆறும்வரை ஓரமாக நிற்கவேண்டும். பிழை பெரிதென்றால் திருத்தித்தான் எடுக்கலாம். நெருப்பு வந்தபின் அணைப்பதற்குச் செலவழித்ததைவிட இந்த வளைவுக்குப் போட்ட காசு புத்தியான காசு என்பது என் எண்ணம்.

அப்படியென்றால் இப்போது ஏன் இரண்டாவது குழாய் குடைகிறார்கள் என்று கேட்பீர்கள். 1980 குழாய்க்குப் பெரிய திருத்தம் தேவை, அதற்கு மூன்று வருடம் போலப் பூட்டவேண்டும். அந்த மூன்று வருடமும் தெற்கே இருக்கிற ரிச்சீனோ மாநிலம் வீதியால் துண்டாகிப் போகும். ஆகவே புதுக்குழாய் ஒன்றைக் குடைந்து, அதில் போக்குவரத்தைத் திருப்பி, பழையதைத் திருத்துவது. 2016 பெப்ரவரி 28 இல் 57 வீதம் ஆம் என்றது. திறப்பு 2030 ஐ ஒட்டி. இரண்டு குழாயும் தயாரான பிறகும் ஒரு குழாயில் ஒரு தடம்தான் ஓடும், மற்றத் தடம் அவசரத்துக்கு. அதையும் சட்டத்தில் எழுதிவிட்டார்கள். நான்கு தடத்துக்குக் கொங்கிறீற் போட்டுவிட்டு இரண்டில் மட்டும் ஓடவிடுகிற கூத்து வேறெங்கும் நடக்குமா தெரியாது. நேருக்கு நேர் மோதுகிற பயம் மட்டும் போய்விடும்.

இனி உங்கள் தொழிலைத் தொடுகிற விஷயம், லொறி வரி.

2001 ஜனவரியிலிருந்து 3.5 தொன்னுக்கு மேற்பட்ட ஒவ்வொரு சரக்கு வாகனமும் இந்த நாட்டுக்குள் ஓடுகிற ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் கட்டவேண்டும். கணக்கு மூன்றைப் பெருக்குவது: ஓடிய தூரம், வாகனத்துக்கு அனுமதித்த உச்ச நிறை, எஞ்சினின் புகைத்தரத்துக்கு உரிய விலை. புகை குறைந்த யூரோ 6 தர எஞ்சினுக்குத் தொன்-கிலோமீற்றருக்கு 2.39 ராப்பன். 100 ராப்பன் ஒரு பிராங். பாசலிலிருந்து இத்தாலி எல்லையான கியாசோவுக்கு ஏறக்குறைய 300 கிலோமீற்றர். 40 தொன் லொறி என்றால் 40 × 300 = 12,000, அதை 2.39 ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 287 பிராங். ஒரு வழிக்கு மட்டும். பழைய எஞ்சின் என்றால் விலை 3.26 ராப்பன், அதே பயணம் 391 பிராங்கைத் தாண்டும். நூறு பிராங் வித்தியாசம் ஒவ்வொரு ஓட்டத்திலும் என்றால் முதலாளி தானாகவே புது லொறி எடுப்பார். மின்சார லொறிக்கு இப்போதைக்கு இந்த வரி இல்லை.

ஒன்றைக் கவனியுங்கள். ஏற்றிய நிறைக்கு அல்ல, அனுமதித்த நிறைக்குத்தான் வரி. வெறும் லொறிக்கும் முழு லொறிக்கும் ஒரே காசு. யாழ்ப்பாணத்திலிருந்து வெங்காயம் கொண்டுபோய் இறக்கிவிட்டு கொழும்பிலிருந்து வெறும் லொறியோடு திரும்பினால் உங்களுக்கு டீசல் நட்டம். இங்கே அதற்கு மேலே 287 பிராங்கும் நட்டம். அதனால் திரும்பும் சரக்குப் பிடிக்காமல் யாரும் லொறியை வெளிக்கிடுத்தமாட்டார்கள்.

கிலோமீற்றரை எண்ணுவது முன் கண்ணாடியில் ஒட்டிய ஒரு சின்னப் பெட்டி. சாரதிகள் அடிக்கடி பிழைவிடுவது ட்ரெயிலரில்தான். கொழுவினால் பெட்டியில் பதியவேண்டும், கழற்றினால் திரும்பவும் மாற்றவேண்டும். கழற்றியதைப் பதிய மறந்தால் இல்லாத ட்ரெயிலருக்கு வரி ஓடும், கொழுவியதை மறந்தால் தண்டம்.

இந்தக் காசில் மூன்றில் ஒரு பங்கு மாநிலங்களுக்கு. மிச்சத்தின் பெரும்பகுதி ரயில் பாதைக்கு. அதாவது லொறிக்காரனிடம் வாங்கி அவனுக்குப் போட்டியாக ரயில் விடுகிறார்கள்! இன்னொரு பக்கம் அவனுக்கும் கொடுத்தார்கள். 2000 வரை 28 தொன்தான் உச்சம். 2001 இல் 34, 2005 இல் 40. வரியும் நிறையும் ஒன்றாகக் கூடியதால்தான் ஐரோப்பிய ஒன்றியம் வரிக்கு ஒத்துக்கொண்டது. இரவு 10 மணியிலிருந்து காலை 5 மணிவரையும் ஞாயிற்றுக்கிழமை முழுநாளும் லொறி ஓடக்கூடாது என்பது மட்டும் அப்போதும் இப்போதும் மாறவில்லை. சில பொருட்களுக்கு விலக்கு உண்டு.

அந்தக் காசு போன இடங்களில் பெரியது கோத்தார்ட் அடித்தள ரயில் சுரங்கம், 57 கிலோமீற்றர், 2016 யூன் 1 இல் திறந்தது. 1882 ஆம் ஆண்டின் பழைய ரயில் சுரங்கம் கடல் மட்டத்திலிருந்து 1,151 மீற்றர் உயரத்தில். அதற்கு ஏற ரயில் மலையைச் சுற்றிச் சுற்றிப் போகவேண்டும், பாரமான சரக்கு ரயிலுக்கு மேலதிக எஞ்சின் வேண்டும். புதியது 550 மீற்றருக்கு மேலே போவதில்லை. மலையடிவாரத்தால் நுழைந்து மலையடிவாரத்தால் வெளியே வரும். 2020 இல் செனரி சுரங்கமும் திறந்தபின், நாலு மீற்றர் உயர ட்ரெயிலரை அப்படியே ரயிலில் ஏற்றலாம்.

பலன் பாதிதான். 2000 இல் அல்ப்ஸைக் கடந்த லொறிகள் 14 இலட்சம். சட்டம் சொன்ன இலக்கு ஆறரை இலட்சம். இப்போது ஒன்பது இலட்சத்துக்கு மேலே நிற்கிறது. அல்ப்ஸைக் கடக்கும் சரக்கில் நூற்றுக்கு எழுபது அளவு ரயிலில் போகிறது, அது பெரிய விஷயம். மிச்சம் ஏன் இறங்கவில்லை? கடல் இல்லாத நாட்டின் தலைவிதி அங்கேதான். உங்கள் பக்கத்தை நீங்கள் எவ்வளவு திறமாகக் கட்டினாலும், துறைமுகம் அடுத்தவனுடையது, துறைமுகத்துக்குப் போகிற பாதையும் அடுத்தவனுடையது. கார்ல்ஸ்ரூவ–பாசல் பாதையை விரிவாக்கும் வேலையை ஜெர்மனி இன்னும் முடிக்கவில்லை. 2017 ஓகஸ்ட் 12 இல் ரஸ்ராட்டில் அந்த வேலைக்காகக் குடைந்த சுரங்கம் தாழ்ந்து மேலே ஓடிய தண்டவாளமும் இறங்கியது. ஒக்ரோபர் 2 வரை ரயில் இல்லை. றொட்டர்டாம் துறைமுகத்திலிருந்து வந்த சரக்கெல்லாம் தேங்கியது. லொறியையே ரயிலில் ஏற்றி ஜெர்மனியின் பிரைபேர்க்கிலிருந்து இத்தாலியின் நொவாறாவுக்குக் கொண்டுபோன சேவையையும் 2025 ஓடு நிறுத்திவிட்டார்கள். தண்டவாள வேலைகளால் தாமதமும் இரத்தும் கூடி, நட்டம் தாங்கவில்லை.

பாசலில் றைன் ஆற்றுத் துறைமுகம் இருக்கிறது, வெளிநாட்டு வர்த்தகத்தில் பத்தில் ஒரு பங்குபோல அதனால் வருகிறது. 2018, 2022 மாதிரி ஆறு வற்றினால் கப்பல் அரைவாசிப் பாரம்தான் ஏற்றும்.

2023 இல் இரண்டு அடி ஒன்றாக விழுந்தது. ஓகஸ்ட் 10 அன்று கோத்தார்ட் அடித்தள ரயில் சுரங்கத்துக்குள் சரக்கு ரயில் பெட்டி ஒன்றின் சில்லு உடைந்து தடம் புரண்டது. கிலோமீற்றர் கணக்கில் தண்டவாளம் நாசம், முழுமையாகத் திறக்க 2024 செப்ரெம்பர் 2 ஆகிவிட்டது. ஒரு சில்லுக்கு ஒரு வருடம். அது நடந்து ஒரு மாதத்தில் வீதிச் சுரங்கத்தின் கூரைத்தட்டில் 25 மீற்றர் நீளத்துக்கு வெடிப்பு, கொங்கிறீற் துண்டுகள் வீதியில். ஐந்து நாள் பூட்டு. ஒரே மலையில் எல்லாப் பாதையையும் வைத்தால் இப்படித்தான். மாற்று வழி சான் பெர்னார்டினோவால் போகும் ஏ13. 2024 யூன் 21 இரவு மழையில் மோயசா ஆறு அதில் 200 மீற்றர் அளவு நெடுஞ்சாலையை அப்படியே கொண்டுபோனது. அதை இரண்டு கிழமையில் திறந்தார்கள், அந்த வேகத்துக்குக் கைதட்டலாம்.

மலை வீதி கட்டுவது பற்றியும் கேட்டிருந்தீர்கள். சுருக்கமாக: பனிச்சரிவு வரும் இடத்தில் வீதிக்கு மேல் கொங்கிறீற் கூரை. மலையின் சரிவுக்கு ஏற்ற சரிவிலேயே கூரையும் இருக்கும், பனி தட்டுப்படாமல் மேலால் வழுக்கிப் போகும். கல் விழும் இடமென்றால் கூரைக்கு மேல் மண் மெத்தை போடவேண்டும். வெறும் கொங்கிறீற்றில் பாறை விழுந்தால் உடையும், மண்ணில் விழுந்தால் அடி பரவும். கல்லைத் தடுக்கும் கம்பி வலையின் வடங்களில் இழுபடும் வளையங்கள் இருக்கும், பாறை மோதும்போது அவை இழுபட்டு வேகத்தை வாங்கும், பிறகு வளையத்தை மாற்றவேண்டும். தாங்குசுவரில் தண்ணீர் வெளியேறும் துவாரம் அடைத்தால் சுவர் தள்ளும். அது எங்கள் மலைநாட்டிலும் அதே கதை.

ஒடுங்கிய மலை வீதியில் ஏறுகிறவனுக்கு இறங்குகிறவன் வழிவிடவேண்டும். ஏறுகிறவனுக்குப் பின்னால் விலகுமிடம் கிட்ட இருந்தால் மட்டும் அவன் பின்னுக்கு எடுக்கலாம். நீலப் பலகையில் மஞ்சள் ஊதுகொம்பு போட்டிருந்தால் அது தபால் பஸ் வீதி. மஞ்சள் பஸ்ஸின் சாரதி கை காட்டுகிறபடிதான் எல்லோரும் விலகவேண்டும். திருப்பத்துக்கு முன் மூன்று சுரத்தில் ஹோர்ண் அடிப்பார். மகியங்கனைப் பதினெட்டு வளைவில் ஒரு சாரதிக்கு அப்படி அதிகாரம் கொடுத்தால் எத்தனை சண்டை மிச்சமாகும்!

நீங்களும் அக்காவும் வருவதென்றால் யூனுக்குப் பிறகு வாருங்கள். கோத்தார்ட் கணவாய் 2,106 மீற்றர், ஒக்ரோபர் நவம்பரில் பூட்டினால் மே கடைசி, யூன் தொடக்கத்தில்தான் திறக்கும். பனியை இரண்டு பக்கத்தாலும் வெட்டிக்கொண்டு வருவார்கள், வீதி எங்கே என்று காட்ட முதலே நட்ட உயரக் கம்புகள்தான் அடையாளம். காருக்கு நெடுஞ்சாலை வின்யெற், அதாவது கண்ணாடியில் ஒட்டும் கட்டணச் சீட்டு, 40 பிராங், வருடம் முழுக்க அதுதான். அது என்னிடம் இருக்கிறது, நீங்கள் வாங்கத் தேவையில்லை. சுரங்கத்தால் போகாமல் மேலால் போவோம். வெள்ளிக்கிழமை மட்டும் வெளிக்கிட வேண்டாம்.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்
ரவி