பாரிஸ் போகிறவர்கள் ஷோவா நினைவகத்துக்கும் ஒரு நாள் ஒதுக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறையில் பிரான்சில் உள்ள சொந்தக்காரர் வீடுகளுக்குக் கிளம்புகிற புதுச்சேரிக் குடும்பங்களுக்காகத் தங்கள் நாளிதழ் வெளியிட்ட பயணக் குறிப்புகளில் ஈஃபிள் கோபுரம், லூவ்ரு, டிஸ்னிலேண்ட் எல்லாம் இருந்தன. பாரிசின் ஷோவா நினைவகம் மட்டும் இல்லை. ஹிட்லரின் நாஜிகள் ஐரோப்பா முழுவதும் கொன்ற யூதர்கள் சுமார் 60 லட்சம் பேர். அந்த இனப்படுகொலையைத்தான் ஷோவா என்கிறார்கள். கொல்லப்பட்டவர்களின் நினைவுக்காகவும், பிரான்சிலிருந்து மட்டும் வதை முகாம்களுக்கு ரயிலேற்றி அனுப்பப்பட்ட 76,000 யூதர்களின் பெயர்களைக் காக்கவும் எழுப்பப்பட்ட இடம் அது. அனுமதி இலவசம். ஆனால் நினைத்த நேரத்தில் எட்டிப் பார்த்துவிட்டு வருகிற இடமல்ல. முறையோடு போய்வர என்ன செய்ய வேண்டும் என்பதைத் தங்கள் வாசகர்களுக்குச் சொல்லவே இக்கடிதம்.

முதலில் கிழமை. நம்மவர்கள் பெரும்பாலும் சனிக்கிழமைதான் போவார்கள். அங்குள்ள அண்ணனுக்கோ மாமாவுக்கோ அன்றுதான் விடுமுறை. யூதர்களின் ஓய்வு நாள் சனிக்கிழமை என்பதால் நினைவகம் அன்று மூடியிருக்கும். கதவைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும். யூதப் பண்டிகை நாட்களில் சிலவற்றிலும் மூடுவார்கள் என்பதால் முந்தின நாள் நினைவகத்தின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது.

போகும் வழி சுலபம். நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிற லா கூர்நெவில் தங்கினால், அங்கே புறப்படுகிற 7-ஆம் எண் மெட்ரோவில் ஏறி போன் மரி நிலையத்தில் இறங்கலாம். நடுவில் ரயில் மாற வேண்டாம், இறங்கியதும் சில நிமிட நடை. 1-ஆம் எண் மெட்ரோவில் வருகிறவர்கள் சேன் போல் நிலையத்தில் இறங்க வேண்டும். வாசலில் விமான நிலையம் போலப் பையைத் திறந்து சோதிப்பார்கள். யூதர்களின் கட்டடங்கள் தாக்கப்பட்ட நாடு அது, சோதனைக்குக் காரணம் இருக்கிறது. காவலில் நிற்பவர்களை செல்போனில் படமெடுக்க வேண்டாம். பெரிய பெட்டிகளோடு போகவும் வேண்டாம்.

உடையில் நாம் மட்டும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நகைக்கடைப் பை, சாவிக்கொத்து, கழுத்து டாலர், சேலைக் கரை எனப் பல இடங்களில் நம்மிடம் ஸ்வஸ்திக் இருக்கும். நமக்கு அது மங்கலச் சின்னம், அதில் குற்றம் எதுவுமில்லை. ஆனால் நாஜிகள் அதே வடிவத்தைக் கொடியிலும் சட்டைக்கையிலும் போட்டுக்கொண்டு கொன்றார்கள். பிரான்சில் நாஜிச் சின்னங்களைப் பொது இடத்தில் காட்டுவது சட்டப்படி தண்டனைக்குரியது. தன் தாத்தாவின் பெயரைத் தேடி நினைவகத்தின் பெயர்ச் சுவருக்கு வந்து நிற்பவருக்கு எது நம் பிள்ளையார் கோயில் சின்னம், எது நாஜிச் சின்னம் என்று அந்த நிமிடத்தில் விளக்க முடியாது. டாலரைச் சட்டைக்குள் விட்டுக்கொள்ளுங்கள், பையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். வேட்டி, சேலை, பொட்டு எதற்கும் தடையில்லை.

உள்ளே நுழைந்ததும் பெயர்ச் சுவர்கள். ஆட்களை அனுப்பிய வருடப்படி 1942, 1943, 1944 என்று பிரித்து, அகர வரிசையில் பெயரும் பிறந்த வருடமும் செதுக்கியிருக்கிறார்கள். 1942-க்கான பகுதியில் ஒரு பெயருக்குப் பக்கத்தில் 1938 என்று இருக்கும், சற்றுத் தள்ளி 1940 என்று இருக்கும். கூட வந்த பிள்ளைக்குக் கணக்குப் போட யாரும் சொல்லித்தர வேண்டாம். அந்த இடத்தில் அவசரப்படுத்தாதீர்கள். யாராவது ஒரு பெயரின் மேல் விரல் வைத்து நின்றால் விலகி வழிவிடுங்கள். சுவரில் சாய்ந்துகொண்டு குடும்பப் படம் எடுப்பதுதான் அங்கே அதிகம் மனதைப் புண்படுத்துகிற செயல். படம் எடுக்கலாமா, எங்கே எடுக்கலாம் என்று வாசலிலேயே கேட்டுவிடுங்கள். அனுமதி இருந்தாலும் நம் முகத்தை அதில் சேர்க்க வேண்டாம்.

கீழே இறங்கினால் கறுப்புப் பளிங்கில் ஆறு முனை நட்சத்திர வடிவில் ஒரு கல்லறை. வதை முகாம்களிலிருந்தும் போலந்தின் வார்சா நகரில் யூதர்களை அடைத்துவைத்திருந்த கெட்டோ என்ற பகுதியிலிருந்தும் எடுத்துவந்த அஸ்தி அங்கே இருக்கிறது. கல்லறையே கிடைக்காதவர்களுக்கான கல்லறை அது. பேச்சை நிறுத்தி, செல்போனை அணைத்துவிட்டு நிற்பது போதும். மாலை, சூடம், ஊதுபத்தி எதுவும் தேவையில்லை.

அதற்குப் பக்கத்தில் கண்ணாடிக்கு அப்பால் அட்டைக் கோப்புகள் இருக்கின்றன. பலரும் பழைய காகிதம் என்று தாண்டிப் போய்விடுகிறார்கள். என் கருத்தில் அந்தக் கட்டடத்திலேயே நின்று பார்க்க வேண்டியது அதுதான். 1940 அக்டோபரில், ஜெர்மானியர் பிடித்திருந்த பகுதியில் யூதர்கள் தாங்களாகவே போய்ப் பதிவு செய்ய வேண்டும் என்று உத்தரவு வந்தது. பாரிசிலும் அதைச் சுற்றிலும் சுமார் 1,50,000 பேர் சட்டத்துக்குக் கட்டுப்பட்டுப் பதிந்தார்கள். போலீஸ் தலைமையகம் அதை ஆளுக்கொரு அட்டையாக்கி வரிசைப்படுத்தியது. 1942 ஜூலை 16, 17 தேதிகளில் பிரெஞ்சுப் போலீசார் அந்த முகவரிகளின்படி வீடு வீடாகப் போய்ச் சுமார் 13,000 பேரைப் பிடித்தார்கள். அதில் 4,000-க்கும் மேல் குழந்தைகள். ஒரு கணக்கெடுப்பு எப்படிக் கொலைக்கு வழியானது என்பதை வேறெந்தக் காட்சிப் பொருளும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

புதுச்சேரிக்காரர்களுக்கு இது புதிதாக இருப்பதற்கும் காரணம் உண்டு. பிரெஞ்சிந்தியா 1940-லேயே ஆளுநர் போன்வேன் காலத்தில், ஜெர்மனிக்கு எதிராகப் போரைத் தொடர்ந்த ஜெனரல் தெ கோல் பக்கம் சேர்ந்துவிட்டது. ஜெர்மனியோடு ஒத்துழைத்த விஷி அரசின் கை இங்கே எட்டவில்லை. அதனால் நம் வீட்டுப் பெரியவர்கள் சொன்ன போர்க் கதைகளில் இந்தப் பகுதி இல்லை. பிரெஞ்சு அரசே இந்தப் பொறுப்பை ஒப்புக்கொண்டது 1995-ல், அதிபர் ஷிராக்கின் உரையில்தான். பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கிற நம் குடும்பங்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

விளக்கங்கள் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும்தான். பிரெஞ்சு தெரிந்த பேரன் ஒவ்வொரு பலகையாகத் தாத்தா பாட்டிக்கு உரக்கச் சொல்லிக்கொண்டே போனால் சுற்றி இருப்பவர்களுக்குத் தொந்தரவு. முதல் நாள் இரவு வீட்டிலேயே அரை மணி நேரம் உட்கார்ந்து, ஹிட்லர் ஆட்சிக்கு வந்தது 1933, பாரிஸ் விழுந்தது 1940, பதிவு, கைது, ரயில், போலந்தில் இருந்த ஆஷ்விட்ஸ் வதை முகாம் என்று வரிசையாகச் சொல்லிவிடுங்கள். பள்ளியில் நாஜிசம் பற்றிய பாடத்தைப் படித்திருந்தால் பிள்ளையையே சொல்லச் சொல்லலாம். கண்டிப்பான வாத்தியாரை “ஹிட்லர்” என்று சொல்லிச் சிரிப்பதையும் அன்றைக்கு விட்டுவிட வேண்டும். “இத்தனை பேர் ஏன் எதிர்க்கவில்லை?” என்று ஊழியரிடம் கேட்பவர்கள் உண்டு. எதிர்த்தார்கள். 1943 ஏப்ரலில் வார்சா கெட்டோவில் கையில் கிடைத்த ஆயுதத்தோடு சில வாரங்கள் சண்டையிட்டார்கள்.

ஈழத்து உறவுகளோடு போகிறவர்களுக்குச் சொந்தத் துயரம் நெஞ்சில் எழுவது இயல்பு. அதை அந்தச் சுவரின் முன் தராசில் வைக்க வேண்டாம், வீடு திரும்பிய பின் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம்.

இரண்டரை, மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். அன்று மாலை வேறு எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள், முக்கியமாகக் கடைவீதி. பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை நிரந்தரக் கண்காட்சிக்குள் அழைத்துப் போகாமல் ஒரு பெரியவர் வெளியே வைத்திருப்பது நல்லது. ஜெருசலேமில் இதே படுகொலையின் நினைவுக்காக உள்ள யாத் வஷேம் அருங்காட்சியகம் பத்து வயதுக்குட்பட்டவர்களை அனுமதிப்பதில்லை. ஆஷ்விட்சில் 14 வயதுக்குட்பட்டவர்களைக் கூட்டிவர வேண்டாம் என்கிறார்கள்.

இன்னொரு நாள் கிடைத்தால் த்ரான்சி போங்கள். லா கூர்நெவுக்குப் பக்கத்து ஊர். பிடித்தவர்களை ரயிலேற்றும் வரை அடைத்துவைத்த முகாம் அங்கேதான் இருந்தது. பிரான்சிலிருந்து அனுப்பப்பட்டவர்களில் சுமார் 63,000 பேர் இந்த ஒரு முகாம் வழியாகத்தான் போனார்கள். அந்த முகாமுக்கு எதிர்ப்புறம் 2012-ல் திறந்த நினைவகம் வெள்ளியும் சனியும் மூடியிருக்கும், மற்ற நாட்களில் அனுமதி இலவசம். முகாமாக இருந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் இன்றும் ஏழைக் குடும்பங்கள் வாடகைக்குக் குடியிருக்கின்றன. முற்றத்தில் நிறுத்தியிருக்கும் ரயில் பெட்டியைப் பாருங்கள், ஆனால் சன்னல்களை நோக்கி கேமராவைத் திருப்பாதீர்கள்.

போலந்து வரை போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆஷ்விட்சில் நுழைவுச் சீட்டை இணையத்தில் நேரம் குறித்து முன்கூட்டியே எடுக்க வேண்டும், கோடையில் சீக்கிரம் தீர்ந்துவிடும். பெரிய பைகளோடு உள்ளே விடமாட்டார்கள். வெட்டப்பட்ட தலைமுடி வைத்திருக்கும் அறையிலும் 11-ஆம் கட்டடத்தின் நிலவறையிலும் படம் எடுக்கக் கூடாது. சீட்டில் உள்ள பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் ஒத்திருக்க வேண்டும். நம்மவர்கள் இனிஷியலோடு பதிவு செய்துவிடுகிறார்கள், பாஸ்போர்ட்டிலோ அப்பா பெயர் விரித்து எழுதப்பட்டிருக்கும். பதிவு செய்யும்போது பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து நிரப்புங்கள்.

இப்படிக்கு,
வரலாற்று ஆசிரியர் (ஓய்வு),
முத்தியால்பேட்டை, புதுச்சேரி