காசை ரேக்ல போடு மச்சி

மச்சி, எப்படிடா இருக்க? அம்மாவுக்கு முட்டி வலி இப்ப பரவால்லயா? நாங்க பெருங்குடி பக்கம் வீடு மாறிட்டோம், ரெண்டாவது மாடி, தண்ணி நல்லா வருது, சின்னவ பத்தாவது, அதனால வீட்டுல டிவியே கட்.

நீ சொன்ன செகண்ட் ஹேண்ட் எலக்ட்ரானிக் டிரம் கிட், அடிக்கிற பேடும் சத்தம் குடுக்குற மாட்யூலும் மட்டும்தான், பேட மாட்டுற பைப் ஃப்ரேம், அதான் ரேக், இல்லன்னியே, தாராளமா வாங்கு. ஆனா கூட ஒரு சிம்பல் பேட் வாங்க எடுத்து வச்சிருக்கல்ல, அந்த காச அப்படியே ரேக்குக்கும் பைப்ப இறுக்கிப் பிடிக்கிற கிளாம்புக்கும் திருப்பிடு. ரேக் ஆடுச்சுன்னா டாம் பேட்ல அடிக்கிறப்ப ஸ்நேர் பேடும் சேர்ந்து கத்தும்டா, பேடுக்குள்ள அதிர்வ பிடிக்கிற பியஸோ சென்சாருக்கு வந்தது உன் குச்சி அடியா இல்ல பைப் வழியா வந்த அதிர்வான்னு எப்படி தெரியும்? மாட்யூல்ல இப்படி வர்ற பக்கத்து பேட் அதிர்வ ஒதுக்க கிராஸ்டாக் கேன்சல்னு ஒரு செட்டிங் இருக்கு, அத ஏத்திக்கிட்டே போனா நீ ஆசையா மெதுவா தட்டி வாசிக்கிற கோஸ்ட் நோட்டெல்லாம் காணாம போயிடும். ஸ்நேர ரேக்ல மாட்டவே மாட்டாத, தனி ஸ்டாண்ட்ல வை.

பைப் விஷயத்துல கவனம். ரோலண்ட், ஜிப்ரால்டர் கம்பெனி ரேக் பெரும்பாலும் ஒன்றரை இன்ச், அதாவது வெளி அளவு 38 மி.மீ. பாரிஸ் கார்னர் கடையில போய் ஒன்றரை இன்ச் பைப்னு மட்டும் கேட்டா தண்ணி லைன் ஜிஐ பைப்ப குடுத்துடுவாங்க, அதுக்கு வெளி அளவு 48 மி.மீ. வரும், கிளாம்ப் உள்ளயே போகாது. படிக்கட்டு கைப்பிடிக்கு போடுற எஸ்எஸ் பைப் கேளு, அதுல வெளி அளவு 38 மி.மீ. கிடைக்கும். கனமான பைப்பா எடு, மெல்லிசா இருந்தா கிளாம்ப் டைட் பண்ற எடத்துல நசுங்கிடும். எஸ்எஸ்ஸா இருந்தா உங்க திருவொற்றியூர் உப்புக்காத்தையும் ஓரளவு தாங்கும், குரோம் போட்டது சீக்கிரமே புள்ளி புள்ளியா துரு ஏறிடும். பேட கிளாம்போட சேர்க்குற எல் ராடுலயும் (எல் மாதிரி வளைஞ்ச கம்பி) 10.5, 12.7 மி.மீ.ன்னு வேற வேற சைஸ் இருக்கு, பேட் பின்னாடி ஓட்டைய வெர்னியர் வச்சு அளந்துட்டு அப்புறம் கடைக்கு போ. ராடு நழுவாம பிடிக்கிற மெமரி லாக் வளையத்த போட்டுடு, இல்லன்னா நாலு பாட்டு முடியறதுக்குள்ள டாம் தலைய தொங்கப் போட்டுடும்.

காலால அடிக்கிற கிக் பேடுக்கு அடியில வெறும் ரப்பர் மேட் பத்தாதுடா, சத்தம் கம்மியான வலைத்துணி மெஷ் ஹெட் போட்டாலும் பெடல் குத்துற குத்து தரை வழியா கீழ் வீட்டுக்கு போகும். ரெண்டு ப்ளைவுட் நடுவுல டென்னிஸ் பால் பதிச்சு ஒரு மேடை பண்ணிடலாம், எங்கிட்ட பலகை அறுக்குற ஜிக்சா மெஷின் இருக்கு, ஞாயித்துக்கிழமை எடுத்துட்டு வரேன், நீ ப்ளைவுட் மட்டும் வாங்கி வை.