பேரல் மேல் பழி போடும் முன்

ஆசிரியருக்கு,

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் ரைபிளில் வெண்கலம் வாங்கியதிலிருந்து, ஏர் ரைபிளோடு நிற்காமல் பாயிண்ட் 22 போல்ட் ஆக்‌ஷன் ரைபிளுக்கு (ஒவ்வொரு முறையும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் 0.22 அங்குலத் துப்பாக்கி) வரும் பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன். நல்லதுதான். ஆனால் குரூப் (அட்டையில் குண்டுகள் விழும் கூட்டம்) கொஞ்சம் விரிந்ததும் “பேரல் போச்சு, மாத்தணும்” என்று கிளப்புகளில் பெற்றோரிடம் சொல்லிவிடுகிறார்களே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். மெழுகு தடவிய வெறும் ஈயக் குண்டு, பல்லாயிரம் முறை சுட்டாலும் அந்த பேரலை (துப்பாக்கிக் குழலை) அவ்வளவு சீக்கிரம் தேய்க்காது. சந்தேகப்பட வேண்டியவர்கள் பட்டியலில் பேரல் கடைசி ஆள்.

முதலில் தோட்டா உள்ளே இல்லை என்று பார்த்துவிட்டு (இதை எத்தனை முறை சொன்னாலும் தப்பில்லை), ஸ்டாக்கையும் (தோளில் வைக்கும் கட்டை) ஆக்‌ஷனையும் (போல்ட் பொருந்தியிருக்கும் பகுதி) பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களைப் பாருங்கள். தயாரித்தவர் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் (முடுக்கும் அழுத்தத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) முடுக்க வேண்டும், கை அழுத்தத்தை நம்பக்கூடாது. ஒரே அட்டையில் இரண்டு தனித்தனிக் குரூப் விழுந்தால் பெரும்பாலும் இந்த ஸ்க்ரூவோ ஆடுகிற சைட்டோதான் (குறிபார்க்கும் கருவி) காரணம். குண்டுகள் பக்கவாட்டில் பரவினால் காற்றையும், ரைபிளை ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு சாய்வில் பிடிப்பதையும் பாருங்கள். அதற்கு யாரும் பணம் கேட்க மாட்டார்கள்.

மேலும் கீழுமாகப் பரவினால் தோட்டாவைச் சந்தேகப்படலாம். இந்தக் குண்டு வினாடிக்கு ஏறக்குறைய 320 மீட்டர் வேகத்தில்தான் போகிறது. இரண்டு குண்டுகளுக்கு இடையே வேகம் 10 மீட்டர் மாறினாலே 50 மீட்டர் தூரத்தில் ஒன்று மற்றதைவிட சுமார் 7 மில்லிமீட்டர் இறங்கி விழும். பத்துப் புள்ளி வட்டத்தின் மொத்த விட்டமே 10.4 மில்லிமீட்டர்தான், அப்புறம் பையனைத் திட்டி என்ன பயன்? அதே கம்பெனி, அதே பெட்டி, ஆனால் லாட் எண் (எந்தத் தொகுப்பில் தயாரானது என்று காட்டும் எண்) மாறினால் அதே ரைபிள் வேறு மாதிரிச் சுடும். அதனால்தான் ஈலி (Eley), லாப்புவா (Lapua) போன்ற தோட்டா நிறுவனங்கள் வீரர்களின் ரைபிளைப் பொருத்தி வைத்து லாட் லாட்டாகச் சுட்டுப் பார்க்கத் தனிக் கூடமே நடத்துகின்றன. நமக்கு அந்த வசதி இல்லை, கிடைத்த தோட்டாவை வாங்குகிறோம். சரி, குறைந்தபட்சம் லாட் எண்ணையாவது நோட்டில் எழுதி வைக்கலாமே. தோட்டாவை மாற்றினால் முதல் சில குண்டுகளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், புது மெழுகு பேரலில் படிய நேரம் பிடிக்கும்.

அடுத்தது சுத்தம். சேம்பருக்கு (தோட்டா உட்காரும் அறை) சற்று முன்னால் கரி வளையம் போல் இறுகிப் படியும், சும்மா துணி விட்டு இழுத்தால் அது போகாது. அதைச் சுரண்டுகிறேன் என்று வாய்ப்பக்கத்திலிருந்து இரும்புக் கம்பியைச் செருகுகிறார்கள் பாருங்கள், அதுதான் எனக்குப் பொறுக்காத விஷயம். குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் விளிம்பு அது. அங்கே ஒரு கீறல் விழுந்தால் எந்தத் தோட்டாவும் காப்பாற்றாது. போல்ட்டைக் கழற்றிவிட்டு, பின்பக்கமிருந்து, வழிகாட்டிக் குழாய் வைத்து, பூச்சுப் போட்ட கம்பியால்தான் துடைக்க வேண்டும்.

எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஸ்க்ரூ, தோட்டா, சைட் மூன்றையும் ஒரே நாளில் தொட்டால் எது சரியானது, எது கெட்டது என்று ஒருவருக்கும் தெரியாது. ஐந்து குண்டு போதாது, பத்துப் பத்தாகச் சில அட்டைகள் வேண்டும். மணல் மூட்டை மேல் வைத்துத் தேர்ந்த ஒருவர் சுட்டு, அப்போது குரூப் இறுகினால், கோளாறு சுடும் பிள்ளை படுத்திருக்கும் நிலையிலோ தோளிலோ ட்ரிகர் விரலிலோ இருக்கிறது. இவ்வளவும் பார்த்த பிறகும் விரிந்தால் துப்பாக்கி மெக்கானிக்கிடம் போகலாம். கிளப்புகள் இந்தச் சோதனைகளைச் செய்து எழுதிக் கொடுத்த பிறகே புது பேரல் பற்றிப் பெற்றோரிடம் வாயைத் திறக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

– ரைபிள் பழகும் ஒரு வாசகர், கோவை