துப்பரவு செய்கிறவர்களிடமிருந்து ஒரு மடல்

மதிப்புக்குரிய ஏற்பாட்டுக் குழுவினருக்கும் உரையாற்றிய பொறியியலாளர்களுக்கும்,

வணக்கம். 'எதிர்காலப் போரில் வானூர்தி, பாதுகாப்புப் பொறியியலின் பங்கு' என்ற உங்கள் கருத்தரங்குக்கு வன்னியிலிருந்தும் உயர்தரக் கணிதப் பிரிவுப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். கேள்வி நேரத்தில் முல்லைத்தீவுப் பிள்ளை ஒன்று எழும்பி, "விழுந்தது வெடிக்காவிட்டால் என்ன செய்யிறது, சேர்?" என்று கேட்டது. "அது எங்கட துறை இல்லை. பிறகு துப்பரவு செய்யிற ஆக்கள் பார்த்துக்கொள்ளுவினம்" என்று சிரித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போனீர்கள்.

அந்த ஆக்கள் நாங்கள்தான், வன்னியில் கண்ணிவெடி அகற்றுகிறவர்கள். கேட்பது ஒன்றே ஒன்று: அடுத்த கருத்தரங்கில், வெடிக்காமல் கிடக்கும் ஆயுதத்துக்கு ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள்.

'நம்பகத்தன்மை 99 வீதம்' என்று திரையில் பெரிதாகப் போட்டிருந்தீர்கள். கணிதப் பிள்ளைகளுக்கு முன்னால் போட்ட எண் என்பதால் கணக்கை முடித்துவிடுவோம். எம்.26 என்ற கொத்துக்குண்டு றொக்கெற் ஒன்றுக்குள் 644 சிறுகுண்டுகள். ஒரு ஏவு வண்டியில் 12 றொக்கெற். ஒரு தரம் முழுதாக அடித்தால் 7,728. நூற்றுக்கு ஒன்று பிழைத்தால், அதாவது வெடிக்காமல் போனால், 77 மிச்சம். அந்த 77உம் எங்கே கிடக்கின்றன என்று தெரியாததால் தேட வேண்டியது 77 இடம் அல்ல, குண்டு பரவிய நிலம் முழுவதும். அதுவும் 99 உண்மையாக இருந்தால்தான். தானே அழியும் பொறியோடு வந்த எம்.85 சிறுகுண்டு சோதனைத் திடலில் நூற்றுக்கு ஒன்று கூடப் பிழைக்காது என்றார்கள். 2006இல் லெபனானில் விழுந்தவற்றை நிலத்தில் போய் எண்ணிப் பார்த்தபோது பிழைத்தது நூற்றுக்குப் பத்தளவில்.

ஏன் என்று உங்களுக்குத் தெரியாததல்ல. இந்த வகைச் சிறுகுண்டின் வாலில் ஒரு நைலோன் நாடா இருக்கும். விழும்போது அது காற்றில் விரிந்து சுழன்று, குண்டை வெடிக்கவைக்கும் பொறியான பியூஸின் திருகாணியைக் கழற்ற வேண்டும். அதன் பிறகுதான் உள்ளே இருக்கும் தட்டு நகர்ந்து, முதலில் வெடித்து மற்றதை வெடிக்கவைக்கும் டெட்டனேற்றர் ஊசிக்கு நேரே வரும். நாடா சுருண்டால் கழராது. உயரம் போதாவிட்டால் முழுதாகக் கழராது. எல்லாம் சரியாக நடந்தாலும், சோதனைத் திடலின் கட்டாந்தரையில் விழுவது வேறு, சேற்று வயலிலும் பனங்கூடலிலும் கடற்கரை மணலிலும் விழுவது வேறு. மணல் அடியை வாங்கிக்கொள்ளும், ஊசி பாயாது. அப்படிப் பாதியில் நின்ற குண்டை மாடு தட்டினாலும் போதும். நாடா வேறு சின்னப் பிள்ளைகளுக்குப் பார்க்க வடிவாக இருக்கும்.

இனி 'துப்பரவு' என்ற சொல்லுக்கு வருவோம். முகமாலைப் பக்கத்துப் பழைய முன்னரங்கில் ஒரு சதுர மீற்றரை எடுங்கள். முதலில் கால் இடறினால் வெடிக்கவைக்கும் இழுவைக் கம்பி இருக்கிறதா என்று மெல்லிய கோலால் தடவ வேண்டும். பிறகு பற்றையைக் கைக் கத்தரியால் துண்டு துண்டாக வெட்டிப் பின்பக்கம் எடுக்க வேண்டும். அதன் பிறகு உலோகம் தேடும் டிற்றெக்ரரைப் போட்டால் நிலம் முழுக்கக் கத்தும். எறிகணைச் சிதறல், ரவைக் கோது, முள்ளுக்கம்பித் துண்டு. அதற்குள் கிடக்கும் பிளாஸ்ரிக் மிதிவெடியில் உலோகம் என்று இருப்பது டெட்டனேற்றரின் சின்னக் கூடும் ஊசியும் போல ஏதோ கொஞ்சம்தான். சிதறலின் சத்தத்துக்குள் அதன் சத்தம் அமுங்கிவிடும். உலோகத்தைக் குறைத்தவர் அதை வெற்றி என்று எழுதியிருப்பார்.

அதனால் டிற்றெக்ரரை வைத்துவிட்டு நீளப் பிடி போட்ட வாரியை எடுக்கிறோம். முன்னால் சிறு பள்ளம் வெட்டி, அதன் சுவரை மேலிருந்து அழுத்தாமல் பக்கவாட்டில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி இழுக்கிறோம். மிதிவெடிக்கு மேலிருந்து வரும் பாரம்தான் ஆகாது, பக்கத்தால் போனால் பெரும்பாலும் பேசாமல் கிடக்கும். பெரும்பாலும். இப்படி ஒரு ஆள் ஒரு நாளில் சுரண்டி முடிப்பது சில சதுர மீற்றர்தான். கவச அங்கியும் முகக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, வைகாசி வெயிலில், முழங்காலில் நின்று. கணவரைப் போரில் இழந்து, பிள்ளைகளைப் படிப்பிக்க இந்த வேலைக்கு வந்த பெண்கள் எங்களில் நிறையப் பேர். உங்கள் மண்டபத்தில் இருந்த பிள்ளைகளில் சிலருடைய தாய்மாரும் அவர்களுக்குள் இருக்கலாம்.

ஒரு தாள் இருந்தால் இந்த வேலை எவ்வளவு குறையும் என்று சொல்கிறோம். புதைத்த வரிசையின் வரைபடம் கிடைத்த இடத்தில், இரண்டு வெடி எடுத்ததும் இடைவெளி பிடிபட்டுவிடும். வரிசையில் ஒன்று குறைந்தால் அதை எங்கே தேடுவதென்றும் தெரியும். தாள் இல்லாத இடத்தில் எல்லா நிலமும் சந்தேகம்தான். மரப் பெட்டியில் செய்த ஜொனி மிதிவெடியில் பெட்டி உக்கிப்போய் வெடிமருந்து மட்டும் கிடக்கும், அதற்கு வரிசையும் இல்லை. இரண்டு பக்கமும்தான் விதைத்தார்கள், நாங்கள் ஒரு பக்கத்தை மட்டும் குறை சொல்ல வரவில்லை.

இப்போது உங்கள் எதிர்காலம். எங்கட சனம் 'வண்டு' என்று சொன்ன ஆளில்லா விமானம் அன்று மேலே நின்று பார்த்தது. இன்று அதுவே குண்டையும் கொண்டுவருகிறது. போட்ட இடத்தின் ஆள்கூறு, உயரம், நேரம் எல்லாம் அதன் கணினியில் பதிவாகிறது. குறி பார்க்கத் தேவைப்பட்ட அந்த எண் போர் முடிந்ததும் எங்கே போகிறது? அதை வெளியில் எடுக்க ஒரு வழி வைத்து வடிவமைப்பது அவ்வளவு கஷ்டமா? விழுந்து கிடக்கும் ட்ரோனின் லித்தியம் பற்றரி செத்துவிட்டதா, வெடிக்கவைக்க மின்னைச் சேர்த்து வைக்கும் கொள்ளளவியில் மின்னேற்றம் இருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல ஒரு சின்னக் கண்ணாடித் துளை, ஒரு நிற அடையாளம் வைக்க முடியாதா? இவற்றைத்தான் அந்த ஒரு மணித்தியாலத்தில் கேட்க இருக்கிறோம்.

கெட்டித்தனம் எந்தப் பக்கம் போகிறது என்பதும் தெரியும். சீனத் தயாரிப்பான ரைப் 72 மிதிவெடியில் 'ஏ' வகை மிதித்தால் வெடிக்கும், 'பி' கொஞ்சம் சரித்தாலே வெடிக்கும். வெளியில் பார்த்தால் இரண்டும் ஒன்று. சரிப்பவர் யார்? எடுக்க வந்தவர். 2022இல் உக்ரேனில் கண்ட ரஷ்யாவின் பி.ஓ.எம்.-3 கண்ணிவெடி பரசூட்டில் இறங்கிக் கால் ஊன்றி நின்று, நில அதிர்வால் காலடியை உணர்ந்து வெடிக்கிறது. அதற்குக் கிட்ட நடந்து போகவே முடியாது. இதைப் பாராட்டி உங்கள் திரையிலும் ஒரு படம் இருந்ததாகப் பிள்ளைகள் சொன்னார்கள்.

உலகமும் உங்கள் பக்கம்தான் போகிறது. மிதிவெடியைத் தடைசெய்த ஒட்டாவா உடன்படிக்கையிலிருந்து விலகுவதாக 2025இல் எஸ்தோனியா, லற்வியா, லித்துவேனியா, பின்லாந்து, போலந்து ஐந்தும் எழுதிக் கொடுத்தன. அதே ஆண்டு ஜனவரியில் அமெரிக்க வெளிநாட்டு உதவி நிறுத்தப்பட்டபோது உலகெங்கும் கண்ணிவெடி அகற்றும் அணிகள் கருவியைக் கீழே வைத்துவிட்டு நிற்க வேண்டி வந்தது. 2017 டிசம்பரில் அந்த உடன்படிக்கையில் சேர்ந்த இலங்கைக்கு, துப்பரவை முடிக்க அது கொடுத்த தவணை 2028 ஜூன் 1. குண்டு செய்யக் காசு முடிந்ததாக ஒருநாளும் கேள்விப்பட்டதில்லை. உங்கள் கருத்தரங்கில் மதியச் சாப்பாடும் நல்லது என்று கேள்வி.

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு வேறெங்கோ போய்விட்டோம். பிள்ளைகள் வானூர்திப் பொறியியல் படிக்கட்டும், அதில் எங்களுக்கு ஒரு தடையும் இல்லை. படிக்கும்போதே, பியூஸ் வரைபவர் அதன் தோல்வியையும் வரைய வேண்டும் என்று ஒரு ஆள் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒரு மணித்தியாலம் தாருங்கள். தயவுசெய்து அந்தப் பிள்ளையின் கேள்வியையே தலைப்பாகப் போடுங்கள்.

வேலை நாளில் விடிய முன்னமே களத்துக்குப் போய்விடுவோம், அதனால் ஞாயிற்றுக்கிழமை வசதி. திரை வேண்டாம். வெடிமருந்து நீக்கிய மாதிரிகளை நாங்களே கொண்டுவருகிறோம். மேசை மட்டும் உறுதியானதாக இருக்கட்டும், சிலது நல்ல பாரம்.

இப்படிக்கு,
வன்னியில் கண்ணிவெடி அகற்றும் பணியாளர் சிலர்